ஒரு மாதமாகத்தான்

கிள்ளான்
14 அக்டோபர் 2023

அண்ணா,

என் கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போட்டுவிடாதே. வாட்ஸ்அப்பில் என்னைப் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். கடைக்குப் போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கோமுட்டர் ரயில் ஏறினால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரு மணி நேரம்தான். ஆனால் கடையில் சாப்பிடுகிறவர்கள் முன்னால் நீ சத்தம் போட்டால் எனக்குத் தாங்காது. அப்பா செத்து ஆறு வருஷமாகியும் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதனால்தான் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

போன ஞாயிறு மாதா பவனியை உங்கள் கோயில் ஃபேஸ்புக்கில் பார்த்தேன். நீ தேருக்கு இடது பக்கம் நடந்து வருகிறாய். இடது கையில் மெழுகுவர்த்தி. சுற்றியிருந்த காகிதம் கருகிப் போய், உருகிய மெழுகு உன் சுண்டுவிரல் ஓரமாக மணிக்கட்டு வரை வழிகிறது. பக்கத்தில் வந்தவர் ஒரு சொட்டு விழுந்ததற்கே கையை உதறுகிறார். நீ பாடிக்கொண்டே போகிறாய். அந்த இடத்தை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கு முந்தின வாரம் அம்மா போனில் பெருமையடித்துக்கொண்டார். "ஒங்கண்ணன் இப்பல்லாம் கல்லுலேருந்து ரொட்டிச் சானாய வெறுங்கையால எடுக்கறான்டி. கஸ்டமரெல்லாம் வீடியோ எடுக்கறாங்க லா" என்றார். அப்போது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உன் முழங்கைக்குக் கீழே தேமல் மாதிரி ஒன்று இருப்பதாகவும், நீ 'பானாவ்' என்று கடையில் விற்கிற தேமல் மருந்து வாங்கித் தடவுவதாகவும் அம்மாதான் சொன்னார்.

தேமல் அரிக்கும், சிலருக்கு அரிக்காது. ஆனால் தேமல் வந்த இடம் மரத்துப் போகாது. நரம்பு ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். கவனிக்காமல் விட்டால் விரல் மடங்கிப்போய் நிமிராது. உன் பிழைப்பு முழுக்க அந்த விரல்களில்தான் இருக்கிறது.

அந்தப் படை எப்போது வந்தது? உண்மையான கணக்கைச் சொல். இங்கே கிளினிக்கில் ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறேன். யாரைக் கேட்டாலும் "ஒரு மாசமாத்தான் டாக்டர்" என்பார்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கும், அதுவும் ஒரு மாதம்தான். நீயும் அப்படி எழுதாதே.

தயவுசெய்து பதில் போடு.

ஷார்மைன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 அக்டோபர் 2023

டாக்டர் ஷார்மைன் அவர்களுக்கு,

ஃபேஸ்புக்கில் மெழுகைப் பார்த்தே நோய் கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனம்தான். அப்பாவைக் கண்ணுக்கு முன்னால் உட்கார வைத்து, காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தபோது அது எங்கே போயிற்று?

அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஆணிக் காயம்தாம்ப்பா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டா ஆறிடும்" என்றாய். ஆறியதா? ஐந்து மாதத்தில் தொடை இடுக்கில் கட்டி வந்தது. அது ஆணிக் காயமில்லை, தோலில் வருகிற கேன்சர் என்று வேறொரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

நான் பதினெட்டு வருஷமாக அனலில் நிற்கிறவன். கை காய்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். தேமல் ஒரு மாதமாகத்தான் இருக்கிறது.

நீ எழுதாமல் விட்ட வார்த்தை எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கூகுளில் போட்டால் அதுதான் முதலில் வருகிறது. குஷ்டம். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு அந்தச் சந்தேகத்தைத் தபாலில் அனுப்புகிறாயே, போஸ்ட்மேன் தினமும் என்னிடம்தான் தே தாரிக் குடிக்கிறான். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவர் காதில் இதைப் போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

இனிமேல் எழுத வேண்டாம்.

கேவின்

*

கிள்ளான்
24 அக்டோபர் 2023

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் காலைப் பற்றி எழுதியிருந்தாய். அப்போது நான் பயிற்சி டாக்டர். முப்பது மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். குதிகாலில் பிளாஸ்டர். எடுத்துப் பார்த்தால் மஞ்சள் மருந்து பூசிப் பூசி நிறமே மாறிப்போன புண், நடுவில் கறுப்பு. ஆணி குத்தி ஒரு மாதம் ஆகிறது என்றீர்கள். கறுப்பு, உறைந்த இரத்தம் என்று நினைத்தேன். உள்ளங்காலில் மச்சம் மாதிரி தொடங்கி உயிரைக் குடிக்கிற கேன்சரை நான் புத்தகத்தில் பார்த்திருந்தேன். அதில் வெள்ளைக்காரன் காலைத்தான் படம் போட்டிருந்தார்கள். இதெல்லாம் சாக்கு என்று எனக்கும் தெரியும். என்ன சொன்னாலும், பார்த்தது என் கண். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சளி என்று வந்தவரைக்கூட நான் செருப்பைக் கழற்றச் சொல்லாமல் அனுப்பியதில்லை. நர்ஸ்கள் எனக்கு 'டாக்டர் காசுட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செருப்பு டாக்டர். எதிரிலேயே கூப்பிடுகிறார்கள், நானும் சிரித்து வைக்கிறேன்.

நீ சொன்ன அந்த வார்த்தைதான் என் சந்தேகமும். தொழுநோய். இப்போது அதற்கு மாத்திரை இருக்கிறது, ஒரு வருஷத்தில் முழுக்கக் குணமாகும். முதல் சில நாள் மாத்திரையிலேயே அடுத்தவருக்குத் தொற்றாமல் போய்விடும். ஆனால் செத்த நரம்பு மட்டும் திரும்ப வராது. அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம். நீ கோபத்தில் இருக்கிற ஒவ்வொரு வாரமும் உன் விரலுக்குத்தான் நஷ்டம்.

நான் சொல்வதை நம்பாதே. உன் கையையே கேள். ரமணி அண்ணியிடம் கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியைத் திரிக்கச் சொல். நீ கண்ணை மூடிக்கொள். அண்ணி படையின் மேலும், சுண்டுவிரலிலும், மற்ற இடங்களிலும் மெதுவாகத் தொட வேண்டும். தொடும்போதெல்லாம் நீ எண்ண வேண்டும். அப்புறம் ஒரு காகிதத்தைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள். அண்ணி இழுத்தால் பிடித்து நிறுத்த முடிகிறதா என்று பார்.

இரண்டும் சரியாக இருந்தால் நீ எனக்கு எழுதவே வேண்டாம். நான் தப்பாகச் சொன்னேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள். இந்த ஒரு தடவை தப்பாகப் போகட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

ஷார்மைன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 நவம்பர் 2023

ஷார்மைன்,

உன் கடிதத்தை மைதா மாவு மூட்டைக்குப் பின்னால் சொருகிவிட்டு நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று கல்லறைத் திருநாள். அம்மாவையும் ரமணியையும் கூட்டிக்கொண்டு செராஸ் கல்லறைக்குப் போயிருந்தேன். அப்பாவின் கல்லில் பாசி பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அழுக்கு போய்விட்டதா என்று 'கொர்னேலியஸ்' என்று செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவினேன். வலது கையில் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. கை மாற்றி இடது சுண்டுவிரலால் தடவினேன். வழவழவென்று வெறும் கல்லைத் தொடுவது மாதிரிகூட இல்லை. எதையும் தொடுவது மாதிரியே இல்லை.

அம்மா பக்கத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொஞ்ச நாளாக ஜெபமாலை மணியைக் கண்ணால் பார்த்துத்தான் நகர்த்துகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு ரமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பஞ்சை எடுத்தாள். கண்ணை மூடி எண்ணினேன். "எத்தனை?" என்றாள். "நாலு" என்றேன். கண்ணைத் திறந்தால் அழுதுகொண்டிருக்கிறாள். "பதினொன்னு தொட்டேங்க" என்றாள். காகிதமும் நிற்கவில்லை. சும்மா உருவிக்கொண்டு வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்த நோய்க்காரர்களைச் சுங்கை பூலோ முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா கதை சொல்வாரே, ஞாபகமிருக்கிறதா? எங்கள் தெருவில் ஒருத்தன் காதில் விழுந்தால் போதும், மறுநாள் என் கடையில் ஈ கூட உட்காராது.

நீ டாக்டர்தானே. அந்த மாத்திரையை உன் கிளினிக்கிலிருந்து வாங்கி எனக்கு அனுப்பிவிடேன். பெயர் எங்கேயும் ஏற வேண்டாம். நான் ஒழுங்காகச் சாப்பிடுவேன், சத்தியமாக.

கேவின்

*

கிள்ளான்
6 நவம்பர் 2023

அண்ணா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்து செருப்போடு சமையலறை வரைக்கும் போய்விட்டேன், என்ன செய்கிறேன் என்றே தெரியாமல்.

மாத்திரையை அனுப்ப முடியாது. திட்டாதே, கேள். முதலில், நான் பஞ்சை வைத்துச் சொல்வது வெறும் சந்தேகம். காது மடலில் சிறு கீறல் போட்டு, கண்ணாடித் தகட்டில் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த மாத்திரை சிலருக்கு இரத்தத்தைக் குறைத்துவிடும், அதற்கும் முன்கூட்டியே ஒரு பரிசோதனை உண்டு. என் சொந்த அண்ணனுக்கு நானே பார்த்து, நானே முடிவு செய்து, நானே மருந்து கொடுப்பதா? ஒரு தடவை செய்து பட்டது போதும்.

பெயரைப் பதிய வேண்டும் என்பது சட்டம். உன்னைப் பிடித்துக்கொண்டு போவதற்கு இல்லை, வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிப்பதற்கு. இப்போது யாரையும் எங்கேயும் ஏற்றிப் போவதில்லை. கடையை மூடச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை அந்த டாக்டர் வாயால் கேட்டுக்கொள். சுகாதார இலாகா ஆட்கள் வந்து உன் கடை வாசலில் போர்டு மாட்டப் போவதில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கினால் மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதே. கொஞ்ச மாதத்தில் தோல் கறுக்கும். பார்க்கிறவர்கள் கேட்பார்கள். "அடுப்படி அனல்" என்று சொல்லிக்கொள். இத்தனை வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய். இன்றிலிருந்து ரொட்டியை இடுக்கியால் எடு. வீடியோ எடுக்கிறவன் எடுக்காமல் போகட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வரும் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. அங்கே முதல் கேள்வி எத்தனை நாளாக என்பதுதான். அதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி சொல். மாத்திரை எத்தனை மாதம், நரம்பைக் காப்பாற்ற வேறு மருந்து வேண்டுமா, வீட்டில் யாரை எல்லாம் பார்க்க வேண்டும் என்று எல்லாமே அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

நான் கூட வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

ஷார்மைன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
17 நவம்பர் 2023

அன்புள்ள தங்கைக்கு,

நீ வர வேண்டாம் என்று நினைத்தது கோபத்தால் இல்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தின் கடைசியில் உனக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை போனேன். மலாய்க்கார டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கையைத் தொட்டுப் பார்க்கத் தயங்கவே இல்லை. முழங்கையைத் தடவி, "இங்க பாருங்க" என்று என் விரலையே எடுத்து வைத்தார். உள்ளே நரம்பு கயிறு மாதிரி தடித்து உருளுகிறது. இத்தனை நாளும் அது என் கையில்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, "பெராப்பா லாமா?" என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கிறார். "சத்து பூலான், டாக்டர்" என்றேன். ஒரு மாதம். நீ அவ்வளவு சொல்லியும் என் வாய் அதைத்தான் சொன்னது. அவர் எழுதத் தொடங்கினார்.

அந்தப் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நீயும் இப்படித்தான் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாய். நீ அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டாய். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆணி குத்திடுச்சி, ஒரு மாசம் ஆவுது" என்றேன்.

ஷார்மைன், ஆணி எதுவும் குத்தவில்லை.

அதற்குப் பதினொரு மாதத்துக்கு முன்னால் அப்பா என்னிடம் அந்தக் கறுப்புப் புள்ளியைக் காட்டினார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியாய்யா" என்றார். அப்போதுதான் சொந்தமாகக் கடை திறந்திருந்தேன், ஒரு நாள் மூட மனம் வரவில்லை. "ஷார்மைன்கிட்ட சொல்லிடாதீங்க, அதுக்குப் பரீட்சை" என்று அவரை அடக்கிவிட்டு, மஞ்சள் மருந்து வாங்கி வந்து நானே பூசினேன். சனிக்கிழமை தோறும் பூசிப் பிளாஸ்டர் ஒட்டினேன். அது பெரிதானது, புண்ணானது, இரத்தம் வந்தது. நான் பூசிக்கொண்டே இருந்தேன். நீ வந்து நிற்கும்போது பதினொரு மாதம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. புண்ணுக்கு ஒரு காரணம் வேண்டுமே, ஆணி என்று வாயில் வந்துவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு உன்னைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. நீ என்றைக்காவது ஒரு நாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்பாய் என்ற பயம். அதற்கு முன்னால் நான் சத்தம் போட்டுவிட்டேன். சத்தம் போட்டுப் போட்டு எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

"டாக்டர், சோரி" என்றேன் அவரிடம். "ஒரு மாசம் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது." அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தார். திட்டவில்லை. காது மடலில் கீறி எடுத்தார்கள். இன்று காலை போன் வந்தது. நீ சொன்ன நோய்தான். ஒரு வருஷ மாத்திரை. நரம்புக்குத் தனி மருந்து. மரத்துப்போன சுண்டுவிரல் திரும்புமா என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். கடையை மூட வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

"இந்தக் கடிதம் எழுதின டாக்டர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார். என் தங்கை என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? கிள்ளானில் தெரிந்த டாக்டர் என்று சொல்லிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இதை அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும் என்றால் சொல்.

அண்ணன்
கேவின்

*

கிள்ளான்
26 நவம்பர் 2023

அண்ணா,

ஒரு வாரமாக நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் இருந்ததை நீ படித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய். நான்காவதில் உன்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தேன். அது பொய், அதனால் அதையும் கிழித்தேன்.

பதினொரு மாதம் என்று நீ சொல்லியிருந்தால் அன்றைக்கே சதை எடுத்துச் சோதிக்க அனுப்பியிருப்பேன். அப்பா பிழைத்திருப்பாரா என்று கேட்டால், தெரியாது. தோல் மருத்துவம் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியாது. பெற்ற அப்பாவின் காலைப் பார்க்கத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்று வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் நீதான் காரணம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அப்பாவைப் பேச விடாமல் உன்னிடமே பதிலை வாங்கிக்கொண்டது நான். அவர் வாயைத் திறக்கும் வரை காத்திருந்திருக்கலாம். அந்தப் பங்கு என்னுடையது, அதை உன்னிடம் கொடுக்க மாட்டேன்.

அம்மாவிடம் போனில் நோயைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டேன். "கை போய்டாதுல்ல?" என்றார். போகாது என்றேன். "அப்ப சரி லா" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நாம்தான் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். மற்ற விஷயத்தை நான் சொல்லப்போவதில்லை. அது உன் வாயால் வர வேண்டும், நேரம் பார்த்து.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். முறைப்படி அம்மாவையும் அண்ணியையும் உன் டாக்டர்தான் பார்ப்பார், செவ்வாய்க்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதுவரை பொறுக்க எனக்கு முடியவில்லை. எல்லாரும் செருப்பைக் கழற்றி வையுங்கள். நீயும்தான். கைக்கு வந்தது காலிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சு நானே கொண்டு வருகிறேன்.

சாப்பிட ஏதாவது செய்து வை. இடுக்கியால் எடுத்த ரொட்டி.

வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் சின்னக் கோபம் இல்லை. அது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் நானும் ஒரு மாதம் என்றுதான் சொல்வேன்.

ஷார்மைன்